டர்பனில் வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், வீட்டுப் பத்திரங்கள் பார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பாவோ அம்மாவோ கைப்பையிலிருந்து நாலு காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். "அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவேன். பெரும்பாலும் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருக்கும்.

அந்தக் கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு, ஐந்து தலைமுறையாக டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருப்பவர்களும் உண்டு. சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அக்கா, ஊர்ல மாதிரி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நாங்க எப்ப போகணும்?

போகவே வேண்டாம். இங்கே சார்பதிவாளர் முன்னால் போய் நின்று கைரேகை வைக்கும் வழக்கம் இல்லை. கன்வேயன்சர் என்ற தனித் தகுதி பெற்ற வழக்கறிஞர்தான் எல்லாக் காகிதத்தையும் தயார்செய்து, சொத்துப் பதிவு அலுவலகமான டீட்ஸ் ஆபீசில் தாக்கல் செய்வார். குவாசுலு-நடால் மாகாணம் முழுவதற்கும் அந்த அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கே பதிவாகும் நாளில்தான் வீடு உங்களுடையது ஆகிறது. பணம் கொடுத்த நாளோ சாவி வாங்கிய நாளோ கணக்கில் வராது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கையெழுத்திலிருந்து பதிவுவரை இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இரண்டு சொற்களை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். இங்கே வீட்டுக் கடனை எல்லோரும் 'பாண்டு' என்பார்கள். பெயர் மாற்றத்துக்கு 'டிரான்ஸ்ஃபர்'. டிரான்ஸ்ஃபர் வழக்கறிஞரை வழக்கமாக விற்பவர் நியமிப்பார், பணம் மட்டும் வாங்குபவர் கட்டுவார். பாண்டைப் பதியும் வழக்கறிஞரை வங்கி நியமிக்கும், அவருக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

சும்மா ஒரு ஆஃபர்தானே போட்டேன், பிடிக்கலேன்னா விட்டுடலாம் இல்லையா?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். 'ஆஃபர் டு பர்ச்சேஸ்' என்ற அந்தக் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டு, விற்பவரும் போட்டுவிட்டால் அதுவே முழு விற்பனை ஒப்பந்தம். பிறகு ஊரில் செய்வதுபோல தனியாக ஓர் அக்ரிமென்ட் வரப்போவதில்லை. தலைப்பில் 'ஆஃபர்' என்று இருப்பதால் பலரும் அதை விலை பேசும் சீட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். பின்வாங்கினால் விற்பவர் நஷ்டஈடு கேட்கலாம், ஏஜென்ட் கமிஷன் கேட்கலாம்.

"ஐந்து நாள் அவகாசம் உண்டாமே" என்பார்கள். உண்டு. 1981-ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் விலை 2,50,000 ரேண்டு அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அது செல்லும். நீங்கள் பார்க்கும் வீடு எதுவும் அந்த விலையில் இருக்காது.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: நிலம், வீடு விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பி நிற்க முடியாது. "கேரேஜ் கதவை ரிப்பேர் பண்ணிக் கொடுப்பாங்க, அடுப்பை விட்டுட்டுப் போவாங்க" என்று ஏஜென்ட் சொன்னால், சரி, அதை இங்கேயே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுங்கள்.

பாண்டு கிடைக்காட்டி என்ன ஆகும்?

ஒப்பந்தத்தில் 'இன்ன தேதிக்குள் இவ்வளவு ரேண்டு பாண்டு கிடைத்தால்தான் இந்த விற்பனை செல்லும்' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, வங்கி மறுத்துவிட்டால், ஒப்பந்தம் தானாக விழுந்துவிடும். கட்டிய டெபாசிட் திரும்பி வரும். அந்த வரி இல்லாவிட்டால், வங்கி மறுத்தாலும் நீங்கள் வாங்கக் கடமைப்பட்டவர்.

தொகையைக் காலியாக விடாதீர்கள். உங்களுக்கு 9 லட்சம் தேவை என்றால் 9 லட்சம் என்றே எழுதுங்கள். அப்புறம், மனம் மாறிவிட்டது என்பதற்காக வேண்டுமென்றே விண்ணப்பம் போடாமல் இருந்து தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். அது எடுபடாது. நிபந்தனை நிறைவேறாமல் நீங்களே தடுத்தால், நிறைவேறியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

டெபாசிட் வச்சிருக்கோம். அதுக்கு மேல கையில எவ்வளவு வேணும்?

முதலாவது, டிரான்ஸ்ஃபர் வரி. 2025 ஏப்ரல் 1 முதல் இருக்கும் அட்டவணைப்படி 12,10,000 ரேண்டு வரை வரி இல்லை. அதற்கு மேல் 16,63,800 வரை, கூடுதல் தொகைக்கு 3 சதவீதம். ஆக 15 லட்சத்துக்கு வாங்கினால் 2,90,000-க்கு 3 சதவீதம், அதாவது 8,700 ரேண்டு. விலை ஏற ஏற விகிதமும் ஏறும். கட்டுமானக்காரரிடம் புது வீடு வாங்கினால் பெரும்பாலும் இந்த வரி இல்லை, அதற்குப் பதில் 15 சதவீத வாட். விலைக்குள் வாட் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

மக்களை நிஜமாகவே தடுமாற வைப்பது இரண்டாவதுதான்: முதல் பதிலில் சொன்ன இரண்டு வழக்கறிஞர்களின் கட்டணம். இரண்டும் சேர்ந்து பல பத்தாயிரம் ரேண்டு வரும், வங்கி அதைப் பொதுவாகக் கடனில் சேர்க்காது. கையெழுத்துப் போடும் முன்னாலேயே ஒரு கன்வேயன்சரிடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். இலவசமாகவே தருவார்கள்.

முதல் முறை வாங்குபவர்களுக்கு 'ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ்' என்ற அரசு மானியம் உண்டு. குடும்ப வருமானம் மாதம் 3,501 முதல் 22,000 ரேண்டு வரை இருப்பவர்கள் கேட்கலாம். முன்பு இதற்கு ஃபிளிஸ்ப் என்று பெயர். தகுதி இருந்தும் கேட்காமல் விட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

மாசத் தவணை கட்ட முடியும்னு வங்கியே சொல்லிடுச்சே, அப்புறம் என்ன கவலை?

வங்கி இன்றைய வட்டியில் கணக்குப் போடுகிறது. வட்டி நிலையாக இருக்காது, வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் விகிதத்தோடு ஏறி இறங்கும். 10 லட்சம் ரேண்டுக்கு 20 வருடம், 10.5 சதவீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 9,984 ரேண்டு. 11.5 ஆனால் 10,664. அந்த 680 ரேண்டு உங்கள் வீட்டில் எதிலிருந்து வரும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தவணை தவிர ரேட்ஸ் என்ற நகராட்சி வீட்டு வரி, தண்ணீர், கட்டடக் காப்பீடு மூன்றும் மாதா மாதம் நிற்கும்.

ஃபூட்ஸ்டூட்ஸ்னு போட்டிருக்கே, வீட்டில குறை இருந்தா கேட்கவே முடியாதா?

டச்சுக்காரர்கள் சட்டத்திலிருந்து வந்த சொல். 'இருக்கிறபடியே வாங்கிக்கொள்' என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் குறைக்கு நீங்கள்தான் பொறுப்பு, பார்த்துத்தானே வாங்கினீர்கள். மறைந்திருக்கும் குறைக்கும் இந்த வரி விற்பவரைக் காப்பாற்றும். ஆனால் அவருக்குக் குறை தெரிந்திருந்து, ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்திருந்தால் காப்பாற்றாது. அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கட்டுமான நிறுவனம்போல வீடு விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் விற்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உங்கள் பக்கம் வரும்.

2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, ஏஜென்ட் வழியாக விற்கும் வீட்டுக்கு விற்பவர் குறைகளை எழுதி ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அது ஒப்பந்தத்தோடு சேர வேண்டும். அந்தப் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை, இல்லை' என்று ஒரே ஓட்டமாகப் போட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதே சட்டப்படி ஏஜென்டிடம் தொழில் செய்ய உரிமை தரும், செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குக் கமிஷன் உரிமை கிடையாது. காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

எங்கள் வீட்டை வாங்கும்போது படுக்கையறையில் புது பெயிண்ட் வாசம் அடித்தது. சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். முதல் மழைக்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் சுவர் தோசை மாவுபோல உப்பி, தொட்டால் உதிர்ந்தது. அன்றிலிருந்து யாருடன் வீடு பார்க்கப் போனாலும் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கச் சொல்கிறேன். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஒரே ஓர் அறைக்கு மட்டும் புது பெயிண்ட் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

வண்டு சர்டிபிகேட், கரண்டு சர்டிபிகேட் எல்லாம் இருக்கு. அது போதாதா?

மின்சாரச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயம், வீடு கைமாறும்போது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. குழாய் எரிவாயு, மின்வேலி இருந்தால் அவற்றுக்கும் தனித்தனியே வேண்டும். வண்டுச் சான்றிதழ் கூரை மரத்தை அரிக்கும் பூச்சிக்கானது. சட்டம் கேட்பதில்லை, ஆனால் நம் கடலோரத்தில் ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம். எழுதாவிட்டால் விற்பவர் தர வேண்டியதில்லை.

இவை எதுவும் கூரை ஒழுகாது என்றோ சுவர் நிற்கும் என்றோ சொல்லவில்லை. அதற்கு நீங்களே ஒரு கட்டட ஆய்வாளரைக் கூட்டிப்போக வேண்டும். ஆய்வு அறிக்கை திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையையும், பாண்டு நிபந்தனைபோலவே, ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

வீடு மேட்டில இருக்கு, பின்னால பேங்க் இருக்கு. பயப்படணுமா?

வங்கி இல்லை, செங்குத்தான மண் மேட்டைத்தான் டர்பன்காரர்கள் 'பேங்க்' என்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் குழம்பிவிடக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டோடு மண் சரிந்து போனதை எல்லோரும் பார்த்தோம். ஆகவே பயப்படுவதைவிடப் பார்ப்பது முக்கியம்.

வீட்டின் பின்புறம் போய் நில்லுங்கள். தாங்கு சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? அடியில் தண்ணீர் வெளியேறத் துளைகள் உண்டா, அவை அடைத்துக்கிடக்கின்றனவா? மேல் வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? தரையில் சுவரை ஒட்டி நீளமாக வெடிப்பு ஓடுகிறதா? சந்தேகம் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குக் காசு கொடுத்துக் காட்டுங்கள். தாங்கு சுவரைப் புதிதாகக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

பின்னால ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்காங்க. வாடகையிலயே பாண்டு கட்டிடலாம்தானே?

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலில், அந்த அறைகளுக்கு அனுமதி பெற்ற வரைபடம் இருக்கிறதா? 1977-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி நகராட்சி அனுமதி இல்லாமல் கட்டவே கூடாது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் குடும்பம் பெருகப் பெருகக் கட்டிக்கொண்டே போனவை நிறைய. டர்பனின் ஈதெக்வினி நகராட்சியில் இருக்கும் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். படத்தில் இல்லாத சுவர் எல்லாம் நாளைக்கு உங்கள் தலைவலி. அறைக்கு அடியில் சாக்கடைக் குழாய்க்கான பாதை ஓடினால் அனுமதி கிடைப்பதே கஷ்டம். விற்பவர் பதிவுக்கு முன்னால் வரைபட அனுமதி வாங்கித் தர வேண்டும் என்று எழுத்தில் போடுங்கள்.

இரண்டாவது, வாடகைக்காரர். வீடு கைமாறினாலும் அவருடைய வாடகை ஒப்பந்தம் அப்படியே தொடரும், விற்பனையால் அது முறியாது. ஒப்பந்தம் முடிந்தும் அவர் போகாவிட்டால், 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது, கரண்டை நிறுத்துவது எல்லாம் குற்றத்தில் போய் முடியும். காலி வீடு வேண்டும் என்றால், 'காலியாகவே ஒப்படைக்கப்படும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வீடு இன்னும் தாத்தா பேர்ல இருக்கு, மாமாதான் விக்கிறார். வாங்கலாமா?

இது நம் மக்களிடம் மிகச் சாதாரணம். 1960-களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் இருந்த இடத்தை விட்டு விரட்டப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள், பாடுபட்டு அந்த வீட்டைத் தங்கள் பெயருக்கு ஆக்கினார்கள். அவர்கள் போன பிறகு பிள்ளைகள் அப்படியே குடியிருந்துவிட்டார்கள். அதில் தப்பு இல்லை. ஆனால் மாமா அங்கே நாற்பது வருடம் இருந்தார் என்பதால் மட்டும் விற்க முடியாது.

இறந்தவரின் சொத்தை, உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமித்த எக்ஸிகியூட்டர், அதாவது அந்தச் சொத்தின் நிர்வாகிதான் விற்கலாம். அந்த நியமனக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். உயில் இல்லை என்றால் அத்தை, சித்தப்பா, வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு இருக்கலாம். சொந்தக்காரர்தானே என்று முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு திருப்பிக் கேட்க முடியாமல் பொங்கலுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். சொந்தம் நிலைக்க வேண்டும் என்றால் காகிதம் சரியாக இருக்கட்டும்.

வீட்டுக்காரர் பேர்ல வாங்கறோம். தாலி கட்டின பொண்டாட்டிக்குப் பாதி தானா வந்துடும்தானே?

திருமணம் ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்தில் பதிவாகி, முன்கூட்டியே தனி ஒப்பந்தம் எதுவும் செய்யாவிட்டால், இருவர் சொத்தும் ஒன்று. அப்போது பாதி வரும், வீடு வாங்கவோ விற்கவோ இருவரின் கையெழுத்தும் வேண்டும். ஆனால் கோயிலில் சடங்கு மட்டும் நடந்து, பதிவே செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சொத்துச் சேர்க்கை உருவாகவில்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அப்படிப்பட்ட மனைவிக்கும் வாரிசு உரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே வீட்டை விற்றால்? ஆகவே தங்கைகளே, இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்களுக்கு வேறு விதி. கல்யாணத்தின்போது கணவர் நிரந்தரமாகக் குடியிருந்த நாட்டின் சட்டமே பொதுவாக உங்கள் சொத்து உறவைத் தீர்மானிக்கும். பாண்டு பதியும்போது கணவனோ மனைவியோ உடன் கையெழுத்திட வேண்டி வரும். மற்றவர் அந்த நேரம் இந்தியாவில் இருந்தால் வேலை தள்ளிப்போகும். முன்கூட்டியே கன்வேயன்சரிடம் சொல்லிவிடுங்கள்.

விக்கிறவர் ரேட்ஸ் பாக்கி வச்சிருந்தா எங்க தலையில விழுமா?

விழாது. நகராட்சியின் கிளியரன்ஸ் சான்றிதழ் இல்லாமல் டீட்ஸ் ஆபீஸ் பதிவே செய்யாது. அதற்குக் கடைசி இரண்டு வருடப் பாக்கியை விற்பவர் கட்டியாக வேண்டும். அதற்கும் முந்தைய பழைய பாக்கி புது உரிமையாளரைத் தொடராது என்று 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஃபிளாட் வாங்கினால், பாடி கார்ப்பரேட் என்ற உரிமையாளர் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணமான லெவிக்கும் இதேபோல் சான்றிதழ் வேண்டும். அதோடு நிறுத்தாமல் அவர்களுடைய கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பையும் கணக்கையும் கேட்டுப் படியுங்கள். லிஃப்ட் மாற்றவோ வெளிச்சுவர் பூசவோ சிறப்பு லெவி வரப்போகிறது என்றால் அதில்தான் தெரியும்.

பாதிப் பணத்தை நேரா கையில கொடுத்து, மாசாமாசம் கட்டி வாங்கிக்கலாம்னு சொல்றார். பாண்டு வேண்டாமாம்.

தவணையில் வீடு வாங்குவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த ஒப்பந்தத்தை டீட்ஸ் ஆபீசில் குறிப்பேற்றவும் வழி வைத்திருக்கிறது. குறிப்பு ஏறினால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஏறாவிட்டால், நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும்போதே விற்பவர் கடனில் மூழ்கினால் அவருடைய வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடும். பாதி விலை கட்டி முடித்தவர் பெயர் மாற்றத்தைக் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது, மீதிக்கு விற்பவருக்குச் சாதகமாகப் பாண்டு பதிய வேண்டும். கையில் ரொக்கம், சாட்சிக்கு ஒரு நண்பர் என்ற ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம்.

வழக்கறிஞர் ஈமெயில்ல அக்கவுண்ட் நம்பர் அனுப்பிட்டார். போட்டுடலாமா?

நிறுத்துங்கள். திருடர்கள் ஈமெயிலுக்குள் புகுந்து, அலுவலகத்தின் உண்மையான கடிதத்தில் அக்கவுண்ட் எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். கடிதத் தலைப்பு, கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் வீடு வாங்கிய ஒருவர் இப்படி 55 லட்சம் ரேண்டு இழந்தார். கீழ் நீதிமன்றம் வழக்கறிஞர் நிறுவனம் ஈடுகட்ட வேண்டும் என்றது. 2024-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டியவர் வீடு வாங்கியவர்தான் என்று முடித்துவிட்டது.

ஆகவே முதல் நாள் நேரில் போனபோது வாங்கிய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். ஈமெயிலில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டால் திருடனே எடுப்பான். 'எங்கள் கணக்கு மாறிவிட்டது' என்று கடிதம் வந்தால் அன்று பணமே அனுப்பாதீர்கள். இன்னொன்று: டெபாசிட்டை உங்கள் பெயரில் வட்டி வரும் கணக்கில் போடும்படி கன்வேயன்சருக்கு எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த வட்டி உங்களுக்கு வராது.

பதிவுக்கு முன்னாலயே குடிபோகலாமா? நல்ல நாள் பாத்து வச்சிருக்கோம்.

விற்பவர் ஒத்துக்கொண்டால் போகலாம். பதிவாகும்வரை மாத வாடகை கட்ட வேண்டும், தொகை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பால் காய்ச்சுங்கள், ஆனால் சுவரை இடிக்காதீர்கள். வீடு இன்னும் அவருடையது.

விக்கிறவர் ஆஸ்திரேலியா போயிட்டார். எங்களுக்கு ஏதாவது சிக்கல் வருமா?

வரும். விலை 20 லட்சம் ரேண்டைத் தாண்டி, விற்பவர் இந்த நாட்டில் வரி வசிப்பாளர் இல்லை என்றால், விலையில் 7.5 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவர். விற்பவர் நிறுவனம் என்றால் 10, டிரஸ்ட் என்றால் 15. அவர் இங்கே வரி வசிப்பாளர் இல்லை என்று தெரிந்தும் பிடிக்காமல் விட்டால், வரித்துறை அந்தத் தொகையை உங்களிடமே கேட்கலாம்.

25 லட்சம் வீட்டுக்கு அது 1,87,500 ரேண்டு. பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைதானே என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள். விற்பவர் எந்த நாட்டில் வரி கட்டுகிறார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வரித்துறையிடமிருந்து குறைந்த விகிதத்துக்கான உத்தரவை அவர் வாங்க முடியும், அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் கையெழுத்தான வாரத்திலேயே அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.